இறக்கத்தில் வந்த புகை

என் ஸ்கூட்டர் புகை விடுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் அதைப் பார்த்ததே இல்லை. ஓட்டுகிறவளுக்குக் கண் முன்னால்தானே இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் பார்த்துவிட்டு, டீக்கடை வாசலில் என்னை நிறுத்தி, “எம்மா, ஒங்க வண்டி கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரில்லா வருது” என்று சிரித்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் என்பதால் இந்தக் கேலி அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்கு எரிச்சலாக வந்தது.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற மேட்டில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி அது. சாரல் காலத்தில் பாறையில் வழுக்கி விழுந்தவர்களும், ஒரே நாளில் நாலு தடவை குளித்துக் காய்ச்சலை வாங்கிக்கொண்டவர்களும் வரிசையில் நிற்பார்கள். எனக்கு வீடு தென்காசியில். இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் போய்விட்டது. கக்கத்தில் கட்டை வைத்துத்தான் நடக்கிறேன். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் பதினாலு வருஷமாக வேலைக்குப் போய் வருகிறேன். வாங்கிய அன்று, யார் தோளையும் பிடிக்காமல், யாரையும் எதிர்பார்த்து நிற்காமல் வாசலை விட்டுக் கிளம்பினேன். அந்தச் சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

அண்ணனுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். ஒரே வீடுதான், மாடியும் கீழுமாக இருக்கிறோம். புகைப் பேச்சு கிளம்பியதும் அவன் பிடித்துக்கொண்டான்.

“அந்தச் சவத்தத் தூரப் போடுட்டி. காலைல நா கொண்டு விடுதேன், சாயங்காலம் வந்து கூட்டிட்டு வாரேன். ஒனக்கு என்ன கொறச்சல்?”

“ஒரு கொறச்சலும் இல்ல. அதனாலதான் நானே போறேன்.”

புது வண்டி வாங்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவன் பேச்சில் புது வண்டியே வரவில்லை. நாற்பத்தாறு வயதாகிவிட்டது, ஓட்டியது போதும், இனிமேல் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வா என்பதுதான் விஷயம். நான் கத்தினேன், அவனும் கத்தினான். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பழைய வண்டி வாங்குகிற ஆளை வரச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். அதற்குள் புகை நின்றால் வைத்துக்கொள்ளலாம், நிற்காவிட்டால் வண்டி அந்த ஆளோடு போய்விடும். அன்று திங்கட்கிழமை.

அன்றைக்கே இரண்டு பேருமாக மெக்கானிக்கிடம் போனோம். குற்றாலம் ரோட்டில், ஒரு பேக்கரியை ஒட்டி அவர் கடை. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், அதிகம் பேசாதவர். “எப்பம்லாம் புகை வருது?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

“காலைல ஸ்டார்ட் பண்ணும்போது குப்புனு ஒரு தடவ. பொறவு ஏத்தத்துல வராது. எறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டுட்டே வருவா பாருங்க, அப்பமும் வராது. கீழ வந்து மறுபடி முறுக்குவால்லா, அப்பம் வரும். நீலமா, கொள்ளையா.”

கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. மெக்கானிக்கோ சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“அப்பம் பிஸ்டன் ரிங் நல்லா இருக்கு அண்ணாச்சி. ரிங் போயிருந்தா ஏத்தத்துலதான் வரும். இது வால்வு கைடு.”

என் வண்டியைப் பற்றி என் தலைக்கு மேலே இரண்டு ஆண்கள் பேசி முடிவு செய்ததில் எனக்கு வந்த கோபத்தில், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அந்த வாரம் அண்ணன் பைக்கில்தான் போனேன். கட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்திருப்பேன். அவன் ஓட்டுகிற வேகத்துக்கு நடந்து போகிறவர்கள் எங்களை முந்தினார்கள். என்னை வெறுப்பேற்றத்தான் இப்படி ஓட்டுகிறான் என்று நினைத்து, நானும் வழியெல்லாம் வாயைத் திறக்காமல் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனபோது மெக்கானிக் இன்ஜினைப் பிரித்து, அதன் தலைப்பகுதியான ஹெட்டை ஒரு செய்தித்தாள் மேல் வைத்திருந்தார். இரண்டு கைக்குள் அடங்குகிற அலுமினியத் துண்டு. அதில் இரண்டு வால்வு. வால்வு என்றால், பென்சிலைவிட ஒல்லியான ஒரு தண்டு, அதன் நுனியில் காளான் தலை மாதிரி ஒரு வட்டம். ஒன்று பெட்ரோலையும் காற்றையும் உள்ளே விடும், மற்றது எரிந்த புகையை வெளியே தள்ளும். அந்தத் தண்டு ஆடாமல் அசையாமல் நேராக ஏறி இறங்க, சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு சின்னக் குழாய். அதுதான் கைடு.

“ஆட்டிப் பாருங்கக்கா” என்று வால்வைக் கொஞ்சம் வெளியே இழுத்து என் கையில் கொடுத்தார். ஆட்டினேன். இடம் வலமாக லேசாக ஆடியது. அவ்வளவுதான். பல் விழப்போகிற பிள்ளை நாக்கால் பல்லை ஆட்டுமே, அதைவிடக் கம்மி.

“இதுக்கா இவ்வளவு புகை?”

“இதுக்குத்தான். மேல ஆயில் நிக்குது. எறக்கத்துல நீங்க ஆக்சிலேட்டர விட்டதும் இன்ஜின் காத்து கெடைக்காம உறிஞ்சும் பாருங்க, இந்தச் சந்து வழியா ஆயிலயும் சேத்து இழுத்துரும். கீழ வந்து முறுக்குனதும் எல்லாம் ஒண்ணா எரியும்.”

ஒரு நிமிஷத்துக்கு இந்த வால்வு எத்தனை தடவை ஏறி இறங்கும் என்று கேட்டேன். வண்டி சாதாரணமாக ஓடும்போதே இரண்டாயிரத்துக்கு மேல் என்றார். நான் மனதுக்குள் பெருக்கினேன். என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். போவதற்குள் நாற்பதாயிரம் தடவை, வருவதற்குள் இன்னொரு நாற்பதாயிரம். இப்படிப் பதினாலு வருஷம். நான் மேலே உட்கார்ந்து, மழை வருமா, இட்லி மாவு புளித்திருக்குமா என்று யோசித்துக்கொண்டு போன நாளெல்லாம் இந்தக் குட்டிக் குழாய்க்குள் இது ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனைக்கும் தேய்ந்தது ஒரு தலைமுடி கனம்கூட இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வால்வைக் கீழே வைக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

புது கைடு கடையில் தனியாகக் கிடைக்கவில்லை. தென்காசியில் ஒரு லேத்துக்காரரிடம் அளவு கொடுத்து மூன்று கடைந்து வாங்கினார். இரண்டு வேண்டும், ஒன்று கைக்காவலுக்கு. கடைந்து கொடுத்த கையோடு லேத்துக்காரர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த ஆச்சரியம் அப்போதுதான் காத்திருந்தது. கைடு, அது உட்கார வேண்டிய ஓட்டையைவிடப் பருமனாம். சரியான அளவில் செய்தால் கழன்று வந்துவிடுமாம். பிறகு எப்படி உள்ளே போகும்? ஹெட்டை நன்றாகச் சுட வைத்தால் ஓட்டை விரியும். கைடை உறைய வைத்தால் அது சுருங்கும். ஒன்றிரண்டு நொடிக்கு மட்டும் இதற்கு அதில் இடம் கிடைக்கும். அதற்குள் போட்டுவிட வேண்டும். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததும் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். பசை கிடையாது, திருகு கிடையாது. மில்லிகிராம் கணக்கில் மருந்து நிறுத்துப் பழகியவள் நான். எனக்கே இந்தக் கணக்கு மலைப்பாக இருந்தது.

சுட வைக்கப் பக்கத்துப் பேக்கரி அடுப்பு. பன் எடுத்து முடித்ததும் ஒரு தட்டு இடம் கொடுப்பார் பேக்கரி அண்ணாச்சி. அதற்கு முன்னால் ஹெட்டைச் சோப்புப் பொடி போட்டு மூன்று தடவை கழுவி அவரிடம் காட்ட வேண்டும். அவர் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்ப்பார். “பன்னுல மண்ணெண்ண வாடை அடிச்சுச்சு, அம்புட்டையும் ஒன் கடை வாசல்லயே கொண்டாந்து கொட்டிருவேன்.” உறைய வைக்க எதிர்த்த கூல்டிரிங்ஸ் கடையின் ஐஸ் பெட்டி. கப் ஐஸ்களுக்கு நடுவில் என் மூன்று கைடுகளும் ஒரு ராத்திரி கிடந்தன.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். பழைய கைடுகளைச் சூட்டோடு தட்டி எடுத்தாயிற்று. ஹெட் மறுபடி அடுப்பில் காய்ந்தது. சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மெக்கானிக் எதிர்க்கடைக்குப் போய் ஒரு கைடைத் துணியில் பிடித்து எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடக்க நின்றார். அருவிக்குப் போகிற வேன்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மூன்று வேனுக்கு வழிவிட்டு ஓடி வந்து, வெள்ளை பூத்திருந்த கைடை ஓட்டையில் வைத்துத் தட்டினார். பாதி போனது. அங்கேயே நின்றுவிட்டது. இன்னும் தட்டினார். சத்தம் மாறியதே தவிர அது அசையவில்லை.

அவர் முகம் செத்துவிட்டது. மறுபடி சுட வைத்து, தட்டி வெளியே எடுத்தார். கைடு முழுக்கக் கீறல். நல்ல வேளையாக ஓட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. “இன்னொரு தடவ இப்படி ஆனா ஓட்டையும் கீறிரும், ஹெட்டே போயிரும்” என்றார். மிச்சம் சரியாக இரண்டு கைடு. லேத்துக்காரர் வர ஒரு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்.

நான் அவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். “இப்படி ஆனதே இல்லக்கா. பங்குனி சித்திரைல எத்தனையோ போட்டுருக்கேன், வழுக்கிட்டுப் போவும்” என்று மட்டும் சொன்னார். சீசனில் இன்ஜின் வேலைக்கு யாரும் வருவதில்லை, பிரேக்கும் டயரும்தான் பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் என்ன ஆயிற்று என்று கேட்டான். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி பிரிட்ஜிலிருந்து இன்சுலின் குப்பியை வெளியே எடுத்தேன். எடுத்த மறுகணமே கண்ணாடி மேல் ஈரம் படர்ந்தது. சாரல் காலத்தில் எப்போதும் இப்படித்தான். லேபிள் தெரியாது, துடைத்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். வருஷா வருஷம் துடைக்கிறேன். அன்றும் முந்தானையால் துடைத்தேன். துடைத்த கை பாதியில் நின்றது. முந்தின நாள், ரோட்டைக் கடந்து வந்த கைடின் மேல் வெள்ளையாக என்னவோ பூத்திருந்ததே! அது பனி. தலைமுடி கனத்துக்கு இடம் பார்த்துப் போட வேண்டிய கைடுக்கு, நம் ஊர்ச் சாரல் அதைவிடக் கனமாக ஒரு சட்டை போட்டு அனுப்பியிருக்கிறது.

உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு பனியைச் சொன்னேன். “ஆமால்லா!” என்றார்.

மாத்திரை டப்பாக்களுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு குட்டிப் பொட்டலம் இருக்கும், தின்னக் கூடாது என்று எழுதியிருக்கும். காலி டப்பாக்களிலிருந்து பன்னிரண்டு பொட்டலம் பொறுக்கினேன். நான் சோறு கொண்டுபோகிற வாயகன்ற பிளாஸ்க்கைத் துடைத்துக் காய வைத்தேன். இரண்டு கைடையும் பொட்டலங்களோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, உறையைப் பிளாஸ்க்குக்குள் இறக்கி, திறந்தபடியே ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னேன். சனிக்கிழமை காலை மூடியை இறுக்கி எடுத்து வந்தோம். இந்த முறை வேலையைப் பேக்கரிக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டோம். கதவைச் சாத்தியாயிற்று. அண்ணாச்சி இரண்டு கையிலும் சாக்கு சுற்றிக்கொண்டு ஹெட்டை வெளியே எடுத்து மரப்பலகையில் வைத்தார். மெக்கானிக் அது நகராமல் இடுக்கியால் பிடித்துக்கொண்டார்.

“நீங்களே போடுங்கக்கா. ஒங்க கைதான் நடுங்காது.”

உறையைக் கிழித்து, பஞ்சு எடுக்கிற இடுக்கியால் கைடைப் பிடித்து, ஓட்டைக்கு நேராக வைத்து விட்டேன். நான் தள்ளவில்லை. யாரும் தட்டவில்லை. அது தன் பாட்டுக்குக் கீழே இறங்கி, விளிம்பு வரைக்கும் போய், டக் என்று உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே.

ஒரு நிமிஷம் போனதும் மெக்கானிக் இடுக்கியால் கைடைப் பிடித்து இழுத்தார். பிறவியிலேயே அங்கேதான் இருந்தது போல அசையாமல் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு இரும்புக் குழாய்க்காக அழுதவள் தென்காசி வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அண்ணாச்சி அதைக் கவனித்தாரோ என்னவோ, சூடாக ஒரு பன்னை என் கையில் வைத்தார்.

மிச்ச வேலைக்கு அன்று சாயங்காலம் வரை ஆனது. கைடின் உள்ஓட்டையை அளவுக்குச் சீவினார். பிறகு வால்வின் வட்டமும் அது உட்காருகிற விளிம்பும் ஒட்டிப் பொருந்த, நடுவில் சொரசொரப்பான பசை தடவித் தேய்க்க வேண்டும். ஒரு குச்சியில் வால்வை ஒட்டி, மோர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சுழற்றினால் போதும். அதில் ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். அரை மணி நேரம் சுழற்றித் துடைத்துப் பார்த்தால், விளிம்பைச் சுற்றி மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், எங்கேயும் அறுபடாமல். மெக்கானிக் அதன் மேல் பெட்ரோல் ஊற்றி, கீழே தாள் விரித்து வைத்தார். நாங்கள் டீ குடித்து முடித்தோம். தாள் காய்ந்தே இருந்தது. வெறும் உலோகமும் உலோகமும் தொட்டுக்கொண்டு ஒரு சொட்டுப் பெட்ரோலைக் கீழே விடாமல் நிற்கிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி தயார். ஐந்தருவி மேட்டுக்கு ஏறி, ஆக்சிலேட்டரை விட்டபடி இறங்கி, கீழே வந்து முறுக்க வேண்டும். பின்னால் ஒருத்தர் வந்து பார்க்க வேண்டும். “நா பாக்கேன்” என்றான் அண்ணன். வேறு யாராவது பார்த்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. ஆனால் வேறு யார் சொன்னாலும் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

மேலே போய்த் திருப்பினேன். சாரல் பிடித்துக்கொண்டது. இறக்கம் முழுக்க இன்ஜின் தன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே வந்தது எனக்குக் கேட்டது. உள்ளே அந்த இரண்டு கைடும் என்ன செய்கின்றன என்று எனக்கு இப்போது தெரியும். கீழே வந்து முறுக்கினேன். ஒரு தடவை விட்டு, மறுபடியும் முறுக்கினேன். கண்ணாடியில் பார்த்தால் நீர்த்துளிகள்தான் தெரிந்தன. ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

அண்ணன் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“இல்லட்டி.”

“என்ன இல்ல?”

“புகை. கொஞ்சங்கூட இல்ல. ரெண்டு தடவ முறுக்குனல்லா, ரெண்டு தடவயும் பாத்தேன்.”

இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு மணிக்கு வண்டி போயிருக்கும். அவன் சொல்லவில்லை. அங்கேயே நின்று அந்த ஆளுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பெரிய இன்ஜினியர் கணக்கா சொன்னியே, ஏத்தத்துல வராது, எறக்கத்துலயும் வராது, கீழ வந்து முறுக்குனா—”

சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் இறங்கி வருகிறது சாயங்காலம். அந்த நேரம் அவன் பஜாரில் கடையில் இருக்க வேண்டியவன்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவன் ரோட்டைப் பார்த்தான். “சாரல் விழுந்தா காலைல ஒனக்குப் பின்னால வந்துட்டுத்தான் கடை தொறப்பேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கே சாத்திட்டு வருவேன். தெனமும்லாம் இல்ல. மழை நாள்ல மட்டுந்தான்.”

“எத்தன வருசமா?”

“வண்டி வாங்குன நாள்லருந்து. பக்கத்துல வர மாட்டேன். நீ பாத்தா ஏசுவேல்லா.”

மழையில் எல்லாரும் ஒரே மாதிரி கோட்டுதான், ஒரே மாதிரி ஹெல்மெட்டுதான். என் கண்ணாடியில் எப்போதும் நீர்த்துளிகள்தான்.

“பொறவு எதுக்கு வண்டிய விக்கச் சொன்ன?”

“கண்ணு சரியா தெரிய மாட்டேங்குட்டி. மழைல முன்னால போறது ஒன் வண்டியா, வேற வண்டியான்னு ரெண்டு வருசமா தெரியல. எங்கூடயே வந்தா தேட வேண்டாம்லா. புகைய வச்சுத்தான் அடையாளம் பாத்து வந்துட்டு இருந்தேன். அதுவும் இப்பம் போச்சு.” சிரித்தான்.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பதினாலு வருஷமாக நான் தனியாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தப் பதினாலு வருஷத்துச் சாரல் முழுவதும் அவன் எனக்குப் பின்னால் நனைந்துகொண்டே வந்திருக்கிறான் என்பது உறைத்தது. இந்த வாரம் அவன் ஏன் அவ்வளவு மெதுவாக ஓட்டினான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. கண் தெரியாமல் ஓட்டியிருக்கிறான், என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு.

“இன்னைக்கு நீ முன்னால போ. நா பின்னால வாரேன்” என்றேன்.

ஏன் என்று கேட்காமல் போனான். குற்றாலத்துக் கூட்டத்துக்குள், குடைகளுக்கு நடுவில், அவன் முதுகை விடாமல் பார்த்துக்கொண்டு தென்காசி வரை போனேன். ஒரு ஆள் பின்னால் அவர் வேகத்திலேயே போவது எவ்வளவு பாடு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம்.

“நாளைக்குக் காலைல கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்” என்றேன். “என் வண்டிலதான். பின்னால உக்காந்து, புகை வருதான்னு பாத்துக்கிட்டே வா.”